முன்னால் ஆளில்லாமல் ஓடிய ஜான் லாண்டி

தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் சலிக்காமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஒரு மைல் தூரத்தை நாலு நிமிடத்துக்குள் மனிதனால் ஓடவே முடியாது என்று உலகமே நம்பிக்கொண்டிருந்ததாம். 1954இல் ரோஜர் பானிஸ்டர் என்ற ஆங்கிலேயர் ஓடிக் காட்டினாராம். உடனே எல்லோருடைய மனத்தடையும் உடைந்து, அடுத்த ஒரே வருடத்தில் முப்பது பேர், சில மேடைகளில் முந்நூறு பேர், வரிசையாக ஓடித் தள்ளிவிட்டார்களாம். மனசுதான் எல்லாம். பலத்த கைதட்டல்.

பானிஸ்டர் ஓடியது உண்மை. 1954 மே 6, ஆக்ஸ்ஃபோர்ட், 3 நிமிடம் 59.4 வினாடி. அதற்குப் பிறகு சொல்லப்படுவது கட்டுக்கதை. அடுத்த ஒரு வருடத்தில், அதாவது 1955 மே 6 வரையில், பானிஸ்டரைத் தவிர நாலு நிமிடத்துக்குள் மைல் ஓடியவர் உலகத்திலேயே ஒரே ஒருவர்தான். மெல்பர்னைச் சேர்ந்த ஜான் லாண்டி. 1955 மே மாதக் கடைசியில் லண்டனில் நடந்த ஒரே ஓட்டத்தில் ஹங்கேரியின் லாஸ்லோ தாபோரியும் இங்கிலாந்தின் கிறிஸ் சாட்டவே, பிரையன் ஹியூசன் இருவரும் நாலு நிமிடத்துக்குள் வந்தார்கள். அதோடு கணக்கு ஐந்து. அவ்வளவுதான்.

சரி, அந்த ஒரே ஒருவர் விஷயத்திலாவது மனத்தடைக் கதை பொருந்துகிறதா? மேலோட்டமாகப் பார்த்தால் பொருந்துகிற மாதிரிதான் தெரியும். பானிஸ்டர் ஓடி 46 நாளில் லாண்டியும் ஓடினார், அதுவும் பானிஸ்டரைவிட வேகமாக. ஆனால் லாண்டியின் ஓட்ட வாழ்க்கையை முன்னும் பின்னும் வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அவருக்கு நம்பிக்கை குறைவாக இருந்ததாகத் தெரியவில்லை. கூட ஓட ஆள்தான் இல்லை.

கதைக்குள் போகுமுன் தூரத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்வோம். நம் வீட்டுப் பெரியவர்கள் தூரம் சொல்லும்போது மைல், ஃபர்லாங் என்றுதான் சொல்வார்கள். எட்டு ஃபர்லாங் ஒரு மைல். மீட்டரில் ஏறக்குறைய 1,609. அன்றைய பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய ஓடுதளங்கள் ஒரு சுற்றுக்கு 440 கெஜம், அதாவது இரண்டு ஃபர்லாங். நாலு சுற்று சுற்றினால் ஒரு மைல். ஒரு சுற்றுக்கு 60 வினாடி என்றால் நாலு நிமிடம். இந்த எண்கள் இவ்வளவு அழகாகப் பொருந்தியதுதான் எல்லோரையும் மயக்கியது. ஒலிம்பிக்கில் இருப்பது மைல் அல்ல, 1,500 மீட்டர். அதில் இப்படி ஒரு உருண்டையான எண் கிடையாது. அதனால் அதற்கு யாரும் மலை, கோட்டை, சுவர் என்றெல்லாம் பெயர் வைக்கவில்லை. நாலு நிமிட மைலுக்கு மணிக்கு 24 கிலோமீட்டர் வேகம் வேண்டும். ஊர்ச் சாலையில் சைக்கிளை அழுத்தி மிதிக்கிற வேகம் அது. அந்த வேகத்தில் நாலு சுற்றும் காலால் ஓட வேண்டும்.

1945இல் ஸ்வீடனின் குண்டர் ஹேக் 4:01.4 நேரத்தில் ஓடி உலக சாதனை வைத்திருந்தார். உலகப் போரில் ஸ்வீடன் சேரவில்லை. மற்ற நாட்டு ஓட்டக்காரர்கள் போர்முனையில் இருந்தபோது ஹேக்கும் அவருடைய நாட்டுக்காரரான ஆர்னே ஆண்டர்சனும் ஒருவரையொருவர் விரட்டி, மூன்று வருடத்தில் சாதனையை 4:06இலிருந்து 4:01க்கு இறக்கிவிட்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாட்டுக்குள் சமமான இரண்டு பேர் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதுதான் சாட்சி. ஓட்டத்துக்குப் பணம் வாங்கக் கூடாது என்ற அமெச்சூர் விதியை மீறி இருவரும் பணம் வாங்கினார்கள் என்று போருக்குப் பிறகு தடை செய்யப்பட்டார்கள். 4:01.4 அப்படியே உறைந்து நின்றது.

லாண்டி 1930இல் மெல்பர்னில் பிறந்தவர். ஜீலாங் கிராமர் பள்ளியில் படித்து, மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் வேளாண் அறிவியல் சேர்ந்தார். சின்ன வயதிலிருந்தே வண்ணத்துப்பூச்சி சேகரிப்பவர். கவனித்துக் குறித்துவைக்கும் அந்தப் பழக்கம் ஓட்டத்திலும் இருந்தது என்று நினைக்கிறேன். முதலில் அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் பெர்சி செருட்டி. ஆஸ்திரேலியத் தடகளத்தின் கிறுக்குத்தனமான மேதை. கடற்கரை மணல்மேடுகளில் ஏறி ஓடச் சொல்வார், தத்துவம் பேசுவார், சீடர்கள் தன் சொல்லைக் கேட்டே ஆக வேண்டும் என்பார். லாண்டி அமைதியான, தானே யோசித்து முடிவெடுக்கிற ஆள். இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் லாண்டி 1,500 மீட்டரிலும் 5,000 மீட்டரிலும் தகுதிச் சுற்றிலேயே வெளியேறினார். ஆனால் அந்தப் பயணம் வீண் போகவில்லை. அதே ஒலிம்பிக்கில்தான் செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஸாட்டோபெக் 5,000, 10,000, மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கினார். லாண்டி அவரைக் கூர்ந்து கவனித்தார். ஸாட்டோபெக்கின் முறை கேட்க எளிமையானது. ஒரு சுற்று வேகமாக, பிறகு மெதுவாக, திரும்பவும் வேகமாக. சாதாரண ஆளுக்கு மயக்கம் வருகிற அளவுக்கு இதையே திரும்பத் திரும்பச் செய்வது. ஊருக்குத் திரும்பிய லாண்டி செருட்டியை விட்டு விலகினார். பல்கலைக்கழகப் படிப்பு முடித்த இரவு நேரங்களில், வீட்டுக்கு அருகே இருந்த பூங்காவில், தனியாக இந்தப் பயிற்சியைச் செய்தார். பயிற்சியாளர் கிடையாது. கூட ஓடுபவரும் கிடையாது.

நாலைந்து மாதம்தான். 1952 டிசம்பர் 13, மெல்பர்ன் ஒலிம்பிக் பார்க். சாதாரணச் சனிக்கிழமைக் கிளப் போட்டி. அதுவரை 4:10ஐ ஒட்டி ஓடிக்கொண்டிருந்த லாண்டி 4:02.1 ஓடினார். ஹேக் சாதனை வைத்ததிலிருந்து யாரும் ஓடாத வேகம். ஒரே பாய்ச்சலில் எட்டு வினாடி. கடிகாரத்தில் ஏதோ கோளாறு என்று ஐரோப்பாவில் சிலர் சந்தேகப்பட்டிருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு வந்ததுதான் இந்தக் கதையின் மையம். அடுத்த ஒன்றரை வருடத்தில் லாண்டி இதே மாதிரி இன்னும் ஐந்து முறை ஓடினார். மொத்தம் ஆறு ஓட்டம், ஆறும் 4:02.0க்கும் 4:02.8க்கும் நடுவில். ஒரு வினாடி வித்தியாசம்கூட இல்லை. இப்படி ஆறு முறை ஒரே இடத்தில் முட்டி நின்றால் சுவர் என்ற சொல் யாருக்கும் நாக்கில் வரத்தான் செய்யும். பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள், லாண்டியே அலுத்துப்போய் அந்த மாதிரி பேசியதாகவும் செய்தி வந்தது. மனத்தடைக் கதை பிறந்த இடம் இதுதான்.

ஆனால் அந்த ஆறு ஓட்டங்களும் எப்படி ஓடப்பட்டன என்று பாருங்கள். ஆஸ்திரேலியக் கோடையில், கிளப் போட்டிகளில், பல நேரம் புல்தரையில், காற்றோடு மல்லுக்கட்டி. கூட ஓடியவர்கள் நல்ல ஓட்டக்காரர்கள்தான், ஆனால் அவரைவிடப் பல வினாடி மெதுவாக ஓடுகிறவர்கள். துப்பாக்கி சுட்டதும் லாண்டி முன்னால் போவார்; சீக்கிரமே பின்னால் காலடிச் சத்தம்கூடக் கேட்காது. மீதி ஓட்டம் அவரும் ஸ்டாப்வாட்சும்தான்.

எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதன் விலை தெரியும். முன்னால் ஒரு வண்டி போனால் எவ்வளவு சுலபம்! ஓட்டத்தில் அந்தச் சுலபம் எவ்வளவு என்பதைப் பின்னால் ஒருவர் அளந்தும் காட்டினார். 1953 எவரெஸ்ட் பயணத்தில் உடலியல் ஆய்வாளராகப் போன கிரிஃபித் பியூ, 1971இல் வெளியிட்ட ஆய்வில், நடுத்தூர ஓட்ட வேகத்தில் இன்னொருவருக்கு ஒரு மீட்டர் பின்னால் ஒட்டி ஓடினால் உடலுக்குச் செலவாகும் சக்தி ஏறக்குறைய 6 சதவீதம் குறைகிறது என்று கண்டார். 4:02க்கும் 4:00க்கும் வித்தியாசம் எவ்வளவு? ஒரு சதவீதம்கூட இல்லை. தூரத்தில் சொன்னால் பதின்மூன்று மீட்டர் சொச்சம். நிஜப் போட்டியில் நாலு சுற்றும் அவ்வளவு ஒட்டி ஓட முடியாது, முழு 6 சதவீதமும் கிடைக்காது. பரவாயில்லை. பாதி ஓட்டத்துக்கு ஒரு முதுகு கிடைத்திருந்தாலே லாண்டிக்குப் போதுமானதாக இருந்திருக்கும் என்பது என் கணக்கு.

காற்று மட்டுமில்லை. தனியாக ஓடுகிறவர் வேகத்தையும் தானே கணிக்க வேண்டும். மூளையில் ஒரு பகுதி எப்போதும் கடிகாரத்தோடு பேசிக்கொண்டிருக்கும். முன்னால் ஒருவர் நம்பகமான வேகத்தில் போனால் அந்த வேலையை அவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சும்மா பின்னால் போகலாம்.

இதற்கென்றே இருப்பவர்தான் பேஸ்மேக்கர். நெஞ்சில் வைத்துத் தைப்பது அல்ல. முன்னால் ஓடி வேகம் கட்டிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்பவர். இன்றைக்கு ஐரோப்பியத் தடகளப் போட்டிகளில் சம்பளம் கொடுத்தே அமர்த்துகிறார்கள். அன்று அது அரைகுறைத் திருட்டுத்தனம் மாதிரி. 1953 ஜூன் கடைசியில் லண்டனை ஒட்டிய மாட்ஸ்பர் பார்க்கில் பானிஸ்டர் ஒரு முயற்சி செய்தார். முதல் இரண்டு சொச்சம் சுற்றுக்கு ஒருவர் முன்னால் ஓடினார். அதுவரை பானிஸ்டரின் நண்பர் கிறிஸ் பிராஷர் வேண்டுமென்றே மெதுவாக ஓடி, ஒரு சுற்றுப் பின்தங்கி, கடைசியில் பானிஸ்டருக்கு முன்னால் இருக்கிற மாதிரி பார்த்துக்கொண்டு அவரை இழுத்துக்கொண்டு போனார். 4:02.0 வந்தது. இது நேர்மையான போட்டி அல்ல என்று பிரிட்டிஷ் தடகள நிர்வாகம் அதைச் சாதனையாக ஏற்க மறுத்துவிட்டது. முதல் சுற்றுகளில் முன்னால் ஓடிக்கொடுத்தவர் யார் தெரியுமா? டான் மெக்மில்லன், ஆஸ்திரேலியர். ஹெல்சிங்கிக்கு லாண்டியோடு போனவர். லாண்டிக்கு ஊரில் கிடைக்காத முதுகு, பானிஸ்டருக்கு லாண்டியின் நாட்டிலிருந்தே கிடைத்தது!

மறு வருடம் ஆக்ஸ்ஃபோர்டில் ஏற்பாடு இன்னும் பக்குவமாக இருந்தது. முதல் இரண்டு சுற்றுக்கும் அதற்கு மேல் கொஞ்சமும் பிராஷர், அப்புறம் கடைசிச் சுற்றின் பாதிவரைக்கும் சாட்டவே. காற்று அடங்குகிறதா என்று கடைசி நிமிடம்வரை பார்த்து, அடங்கியதும் ஓடினார்கள். மருத்துவ மாணவரான பானிஸ்டர் தன் உடம்பையே பரிசோதனைக்கூடமாக வைத்துப் படித்தவர். அவர் சாதனையைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் கடைசி இருநூறு கெஜத்தை அவருக்காக வேறு யாரும் ஓடவில்லை. ஆனால் அது மூன்று பேர் சேர்ந்து செய்த காரியம். லாண்டி செய்துகொண்டிருந்தது ஒருவர் காரியம்.

செய்தி வந்தபோது லாண்டி ஏற்கெனவே ஐரோப்பாவில் இருந்தார், பின்லாந்தில். நல்ல தடம், நல்ல போட்டி, காற்றில்லாத நீண்ட கோடை மாலை. இதைத் தேடித்தான் போயிருந்தார். ஜூன் 21ஆம் தேதி, பின்லாந்தின் பழைய ஓட்ட மேதை பாவோ நூர்மி பிறந்த துர்க்கு நகரத்தில் ஒரு மைல் ஓட்டம். அதில் ஓட இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தவர் சாட்டவே. ஆமாம், அதே சாட்டவே. ஆக்ஸ்ஃபோர்டில் பானிஸ்டருக்கு முன்னால் ஓடிக் கொடுத்தவர் இங்கே லாண்டியை வெல்ல வந்தார். ஆரம்பத்தில் ஒரு பின்லாந்துக்காரர் முன்னால் போனார். அப்புறம் லாண்டி வழக்கம்போல முன்னே வந்தார். ஆனால் இந்த முறை பின்னால் காலடிச் சத்தம் நிற்கவில்லை. கடைசிச் சுற்று மணி அடிக்கும்போதும் சாட்டவே ஒட்டிக்கொண்டே வந்தார். லாண்டி அவரை உதறித் தள்ளியாக வேண்டிய கட்டாயம்.

3:57.9. அன்றைய விதிப்படி ஐந்தில் ஒரு பங்கு வினாடிக்கு முழுமையாக்கி 3:58.0 என்று பதிவானது. பானிஸ்டரைவிட ஒன்றரை வினாடி வேகம். போகிற வழியில் 1,500 மீட்டர் உலக சாதனையும் விழுந்தது, 3:41.8. ஒன்றரை வருடம் 4:02இல் முட்டிக்கொண்டிருந்தவர் ஒரே மாலையில் நாலு வினாடியைக் கழற்றிப் போட்டார். மனத்தடை மட்டும்தான் உடைந்தது என்றால் 3:59.9 வந்திருக்கும். நாலு வினாடிக்கு வேறு காரணம் வேண்டும். அது தடமும் காற்றும் சாட்டவேயும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பானிஸ்டரின் செய்தி ஒரு உந்துதல் கொடுத்திருக்காதா என்று கேட்டால், கொடுத்திருக்கலாம். அதைத் தராசில் வைத்து நிறுக்க வழியில்லை.

இரண்டே பேர் நாலு நிமிடத்துக்குள் ஓடியிருக்கிறார்கள். இருவரும் காமன்வெல்த் நாட்டுக்காரர்கள். ஏழு வாரத்தில் கனடாவின் வான்கூவரில் பேரரசு விளையாட்டுப் போட்டி, அதாவது இன்றைய காமன்வெல்த் போட்டி. விளம்பரதாரர்கள் உட்கார்ந்து யோசித்திருந்தால்கூட இப்படி ஒன்றைத் தயாரித்திருக்க முடியாது. 1954 ஆகஸ்ட் 7. வட அமெரிக்கா முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள்.

பானிஸ்டர் கடைசி முந்நூறு கெஜத்தில் பாய்கிறவர் என்பது லாண்டிக்குத் தெரியும். தன்னிடம் அந்தப் பாய்ச்சல் இல்லை என்பதும் தெரியும். ஆகவே ஒரே வழி, பாய்கிற தெம்பே இல்லாத அளவுக்கு ஆரம்பத்திலிருந்து அவரைக் களைப்பாக்குவது. இரண்டாவது சுற்றில் ஒரு கட்டத்தில் லாண்டி பதினைந்து கெஜம்வரை முன்னால் போய்விட்டார். பானிஸ்டர் பதறாமல் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளியைத் தின்றார். மணி அடிக்கும்போது பின்னாலேயே இருந்தார். கடைசி வளைவில் கூட்டத்தின் இரைச்சலில் காலடி கேட்கவில்லை. ஆள் இன்னும் பின்னால் இருக்கிறாரா என்று லாண்டி இடது பக்கம் திரும்பிப் பார்த்தார். அதே கணம் பானிஸ்டர் வலது பக்கமாகத் தாண்டினார். 3:58.8, லாண்டி 3:59.6. ஒரே ஓட்டத்தில் இரண்டு பேர் நாலு நிமிடத்துக்குள் வந்தது அதுதான் முதல் தடவை.

அந்தத் திரும்பிப் பார்த்த கணத்தை வான்கூவரில் வெண்கலச் சிலையாக வைத்துவிட்டார்கள். திரும்பிப் பார்த்ததற்காக பைபிளில் லோத்தின் மனைவி உப்புத்தூண் ஆனாள், வெண்கலமாக ஆனவன் நான் ஒருவன்தான் என்று லாண்டி பிற்காலத்தில் தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்வார். நல்ல கிண்டல். ஆனால் சிலை ஒரு தப்பான எண்ணத்தைப் பரப்பிவிட்டது. திரும்பிப் பார்த்ததால் அவர் தோற்கவில்லை. அவர் கழுத்தைத் திருப்பும்போதே பானிஸ்டர் பாய்ந்தாகிவிட்டது. ஒரு மைலில் முக்கால் பங்குக்கும் மேல் இன்னொருவருக்குக் காற்றை உடைத்துக் கொடுத்துக்கொண்டு ஓடியதால் தோற்றார். உலகத்திலேயே மிக வேகமான பேஸ்மேக்கர் அன்று பானிஸ்டருக்குக் கிடைத்தார், இலவசமாக.

இன்னொரு விஷயமும் உண்டு. ஓட்டத்துக்குச் சற்று முன், புகைப்படக்காரர் யாரோ போட்டுவிட்டுப் போன ஃபிளாஷ் பல்பை வெறுங்காலால் மிதித்து, லாண்டியின் பாதம் கிழிந்து தையல் போட்டிருந்தது. இதை வெளியே சொல்ல வேண்டாம் என்று பார்த்துக்கொண்டார். தோற்ற பிறகும் அதை ஒரு காரணமாக அவர் சொல்லவில்லை.

அதன்பின் கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியர் வேலை, மலையடிவாரத்தில். ஓட்டம் முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். ஆனால் 1956இல் மெல்பர்னுக்கே ஒலிம்பிக் வருகிறது. திரும்பி வந்தார். அந்த வருடத் தொடக்கத்திலேயே சொந்த ஊர்த் தடத்தில் நாலு நிமிடத்துக்குள் ஓடிக்காட்டினார், வழக்கம்போல முன்னாலிருந்து.

மார்ச் 10, ஆஸ்திரேலியத் தேசியப் போட்டி, ஒலிம்பிக் பார்க். உலக சாதனை வரும் என்று கூட்டம் குவிந்திருந்தது. மூன்றாவது சுற்றில் முன்னால் போய்க்கொண்டிருந்தவர் ரான் கிளார்க், பத்தொன்பது வயது, இளையோர் மைல் உலக சாதனைக்காரர். பின்னால் வந்த ஒருவரின் கால் தட்டி கிளார்க் உருண்டார். நேர் பின்னாலிருந்த லாண்டி அவர்மேல் மிதிக்காமல் தாவினார். ஆனாலும் ஸ்பைக் ஷூவின் ஆணி கிளார்க்கின் கையில் கிழித்துவிட்டது.

லாண்டி நின்றார். திரும்பி நடந்து வந்தார். அடிபட்டதா என்று குனிந்து பார்த்தார். மற்றவர்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். ஒன்றுமில்லை, போங்கள் போங்கள் என்று கிளார்க் விரட்டிய பிறகுதான் மறுபடியும் ஓட ஆரம்பித்தார். மீதி ஒன்றரைச் சுற்றுக்குள் அத்தனை பேரையும் பிடித்துத் தாண்டி 4:04.2 நேரத்தில் ஜெயித்தார். நின்று போன வினாடிகளைக் கழித்துப் பார்த்துச் சாதனை போய்விட்டதே என்று புலம்பியவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. எனக்கு அதில் தோன்றுவது வேறு. மெல்பர்ன் தடத்தில் லாண்டிக்கு முன்னால் துரத்துவதற்கு ஒரு கூட்டமே இருந்த அபூர்வமான தருணம் அது. அதையும் அவரே நின்று உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது!

இந்தக் காட்சிக்கும் சிலை இருக்கிறது, 2002இல் வைத்தது, மெல்பர்ன் ஒலிம்பிக் பார்க் பக்கத்தில். கீழே விழுந்த பையனும் சாதாரண ஆள் இல்லை. அதே வருடம் ஒலிம்பிக் தீபத்தை ஏற்றியவர் கிளார்க்தான். அறுபதுகளில் நெடுந்தூர ஓட்டத்தில் உலக சாதனைகளை அடுக்கடுக்காக உடைத்தார்.

மே மாதம் ஒலிம்பிக்கை விளம்பரப்படுத்த லாண்டியை அமெரிக்கா அனுப்பினார்கள். லாஸ் ஏஞ்சலஸில் அவர் முன்னால் ஓடினார், பின்னாலேயே வந்து கடைசியில் தாண்டினார் ஜிம் பெய்லி, ஓரிகன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த இன்னொரு ஆஸ்திரேலியர். 3:58.6, 3:58.7. அமெரிக்க மண்ணில் நாலு நிமிடத்துக்குள் ஓடப்பட்ட முதல் மைல். வான்கூவர் மறுபடியும். அதைவிடக் கெட்டது, கெட்டித் தடங்களில் ஓடியதில் குதிகால் தசைநாண் பழுதாகிவிட்டது. ஒலிம்பிக் நெருங்க நெருங்கப் பயிற்சி குறைந்தது.

நவம்பர் 22, தொடக்க விழாவில் எல்லா வீரர்கள் சார்பிலும் உறுதிமொழி வாசித்தவர் லாண்டி. டிசம்பர் 1, 1,500 மீட்டர் இறுதிப் போட்டி. காலின் நிலை தெரிந்ததாலோ என்னவோ, வாழ்நாள் முழுக்க முன்னால் ஓடியவர் அன்று பின்கூட்டத்தில் ஓடினார். கடைசிச் சுற்றில் அயர்லாந்தின் ரான் டெலனி பின்னாலிருந்து பாய்ந்து 3:41.2 நேரத்தில் தங்கம் கொண்டுபோனார். லாண்டி மூன்றாவது, 3:42.0, இரண்டாவது வந்த ஜெர்மானியருக்கும் அதே நேரம். ஓட்டம் முடிந்து டெலனி முழந்தாளிட்டுக் குனிந்திருந்தார். ஏதோ ஆகிவிட்டது என்று லாண்டி ஓடிப்போய்ப் பார்த்தார். டெலனி ஜெபம் செய்துகொண்டிருந்தார்.

அந்த வெண்கலத்தோடு, இருபத்தாறு வயதில், ஓட்டம் முடிந்தது. மைல் சாதனை மறு வருடம் ஜூலையில் இங்கிலாந்தின் டெரெக் இபட்சனிடம் போனது, 3:57.2. லாண்டி ரசாயன நிறுவனம் ஒன்றில் வேளாண் ஆராய்ச்சிப் பிரிவில் வெகுகாலம் வேலை பார்த்தார், இயற்கை பற்றி எழுதினார். 2001 முதல் 2006 வரை விக்டோரியா மாநில ஆளுநர். 2006 மெல்பர்ன் காமன்வெல்த் போட்டித் தொடக்கத்தில் கடைசிக் கட்டமாகத் தொடர் ஓட்டக் கோலை எடுத்துக்கொண்டு ஓடி ராணி எலிசபெத்திடம் கொடுத்தது அவர்தான். 2022 பிப்ரவரியில் 91 வயதில் காலமானார்.

ஆனால் அவர் ஓட்டத்தை விட்டு இரண்டு வருடத்துக்குள் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கணக்கு முடியாது. 1956 ஒலிம்பிக்கைப் பார்க்க பெர்த்திலிருந்து வந்திருந்தான் ஹெர்ப் எலியட் என்ற பதினெட்டு வயதுப் பையன். பார்த்த ஆவேசத்தில் மெல்பர்னிலேயே தங்கி, லாண்டி விட்டுப்போன அதே செருட்டியிடம், அதே மணல்மேடுகளில் பயிற்சி எடுத்தான். அவனுக்கு ஊரிலேயே மெர்வ் லிங்கன் என்ற கடும் போட்டியாளர் இருந்தார். ஆல்பி தாமஸ் என்ற இன்னொரு ஆஸ்திரேலியரும் வந்து சேர்ந்தார்.

1958 ஆகஸ்ட் 6, டப்ளின் நகரத்தின் சான்ட்ரி தடம். தாமஸ் ஆரம்பச் சுற்றுகளில் முன்னால் போய் வேகம் கட்டினார். எலியட் 3:54.5. உலக சாதனையிலிருந்து 2.7 வினாடி ஒரே வெட்டில். லிங்கன் 3:55.9, பழைய உலக சாதனையை உடைத்தும் இரண்டாவது இடம்தான். டெலனியும் நியூசிலாந்தின் மர்ரே ஹால்பெர்க்கும் ஆளுக்கு 3:57.5. வேகம் கட்டிக்கொடுத்துக் களைத்துப்போய் ஐந்தாவதாக வந்த தாமஸ் 3:58.6. ஒரு வருடத்துக்குச் சற்று முன்புவரை உலக சாதனையாக இருந்த லாண்டியின் நேரத்தைவிட அது அரை வினாடி சொச்சம்தான் அதிகம்.